கார் சாவியின் பேட்டரியை நாமே மாற்றலாமா?

கேள்வி இது: ஐந்து வருடமான ஹூண்டாய் ஐ20, பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகை. சில வாரங்களாகக் காருக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் கதவு திறக்கிறது. இப்போது திரையில், சாவியின் பேட்டரி குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கையும் வரத் தொடங்கியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், பேட்டரியைக் கழற்றினால் சாவிக்குள் இருக்கும் கோடு, அதாவது அடையாளக் குறியீடு, அழிந்துவிடும், மறுபடியும் புரோகிராம் செய்ய வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையைக் கேட்கிறார்கள். வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா, அதற்குள் வழியில் பேட்டரி தீர்ந்துபோனால் கதி என்ன?

மாற்றிக்கொள்ளலாம். கோடு அழியாது. பேட்டரி தீர்ந்தாலும் கார் கிளம்பும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பட்டன் செல்லுக்கு இவ்வளவு மிரட்டல் என்றால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். ஆனாலும், ஸ்க்ரூடிரைவரை எடுத்து உடனே நெம்புங்கள் என்று சொல்ல மாட்டேன். சில சாவிகளுக்குள் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பொருள் இருக்கிறது. திறக்கும்போது அது விழுந்து தொலைந்தால் செலவு பல ஆயிரங்களுக்குப் போய்விடும். அதனால் உள்ளே எது எதற்கு இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். யார் சொல்வது உண்மை என்றும் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றை ஒன்று சாராத வேலைகள் நடக்கின்றன. முதலாவது, எஞ்சினைக் கிளப்ப அனுமதி பெற்றுத் தரும் சில்லு (சிப்). கையேட்டில் இம்மொபிலைசர் என்று போட்டிருப்பது இந்த ஏற்பாட்டைத்தான். திருடர்கள் ஒயரை ஒட்டவைத்துக் காரைக் கிளப்பிக்கொண்டு போவதைத் தடுக்க வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. சாவித் துளையைச் சுற்றியோ ஸ்டார்ட் பொத்தானுக்குப் பின்னாலோ ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். சாவியில் இருக்கும் சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தப் புலத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, தான் யார் என்பதைக் காருக்குச் சொல்லும். இதற்குப் பேட்டரி தேவையே இல்லை. செல்லைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெறும் சாவியைக் கொண்டுபோய் வண்டியைக் கிளப்பலாம்.

இரண்டாவது, பொத்தானை அழுத்தினால் கதவைத் திறக்கும் ரேடியோ. நம் நாட்டுக் கார்களில் இது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். அமெரிக்காவில் ஓடும் கார்கள் பலவற்றில் 315. பேட்டரி இருப்பது முக்கியமாக இதற்காகத்தான். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி ஒரே எண்ணை அனுப்புவதில்லை. அப்படி அனுப்பினால் பக்கத்தில் நிற்பவன் அதைப் பதிவு செய்து, நீங்கள் போனபின் ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடுவான். ஆகவே உள்ளே ஒரு எண்ணி இருக்கிறது. அழுத்த அழுத்த அது ஒன்று ஏறும். ஏறிய எண்ணை மறைகுறியாக்கி அனுப்பும். கார் தன் பக்கக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இந்த முறையில் மிகவும் பரவிய கீலாக் என்ற ஏற்பாட்டை 1980-களில் உருவாக்கியது தென்னாப்பிரிக்க நிறுவனமான நானோடெக். 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. இன்று எல்லாக் கார்களிலும் கீலாக் இல்லை என்றாலும், மாறும் எண் என்ற அடிப்படை மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

மூன்றாவது, உங்களுடையதைப் போன்ற ஸ்மார்ட் கீகளில் மட்டும் இருப்பது. கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு தாழ்ந்த அலைவரிசையில் "பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கூப்பிடும். பையில் கிடக்கும் சாவி அதைக் கேட்டு ரேடியோவில் பதில் சொல்லும். கூப்பிடுவது எப்போது என்று தெரியாததால் சாவியின் காது இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். ஸ்மார்ட் கீயின் பேட்டரி சாதாரண ரிமோட் சாவியின் பேட்டரியைவிடச் சீக்கிரம் தீர்வதற்கு இதுவே காரணம். நான்காவதாக, கூட்டுக்குள் செருகி வைத்திருக்கும் உலோகச் சாவி. அதற்குப் பேட்டரியும் வேண்டாம், சில்லும் வேண்டாம்.

இனி அந்த "கோடு அழிந்துவிடும்" கதைக்கு வருவோம். சாவியின் அடையாளமும் அந்த எண்ணியும் எழுதப்பட்டிருப்பது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில். பேட்டரி தீர்ந்து ஆறு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்த சாவிக்குப் புது செல் போட்டால் அது பழையபடி வேலை செய்வதை எந்தச் சாவிக் கடைக்காரரும் சொல்வார். சில பழைய ஐரோப்பிய வகைகளில் மட்டும், நீண்ட நாள் பேட்டரி இல்லாமல் இருந்தால் காருக்கும் சாவிக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் போகலாம். அதற்கும் கணினி வேண்டியதில்லை. உலோகச் சாவியால் கதவைத் திறந்து, இக்னிஷனைப் போட்டு, பொத்தானை அழுத்துவது போன்ற ஒரு சின்ன நடைமுறை கையேட்டிலேயே இருக்கும். புரோகிராம் செய்வது என்பது புதுச் சாவியைக் காருக்கு அறிமுகம் செய்வதற்கான வேலை. இரண்டையும் குழப்பிச் சொல்பவர் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பது உங்கள் ஊகத்துக்கு.

வழியில் தீர்ந்துபோனால் என்ன என்ற கேள்வி உண்மையில் இதைவிட முக்கியமானது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, சாவியின் பேட்டரி தீர்ந்ததற்காக நிற்காது. எஞ்சின் கிளம்பும் நேரத்தில்தான் அனுமதி கேட்கப்படுகிறது. கிளம்பிய பிறகு சாவி பேசாவிட்டால் எச்சரிக்கை வருமே தவிர, எஞ்சின் அணையாது. சிக்கல் வருவது நீங்கள் எங்காவது நிறுத்தி, பூட்டிவிட்டு, திரும்பி வரும்போது. அப்போது செய்ய வேண்டியவை இரண்டுதான்.

கதவைத் திறக்க, சாவிக் கூட்டின் ஓரத்தில் இருக்கும் சிறு தாழ்ப்பாளை நகர்த்தி அல்லது அழுத்தி, உலோகச் சாவியை உருவுங்கள். பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் அதற்கான துளை இருக்கும். துளையே இல்லையே என்று திகைக்க வேண்டாம். அழகுக்காகக் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டு மறைத்திருப்பார்கள். மூடியின் அடிப்பக்கத்தில் சிறு பிளவு தெரியும். கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிளவில் சாவியின் நுனியை நுழைத்து மேலே நெம்பினால் மூடி கையோடு வந்துவிடும். உலோகச் சாவியால் திறந்தால் பல கார்களில் அலாரம் அலறும். தெருவே திரும்பிப் பார்க்கும், பார்க்கட்டும். எஞ்சினைக் கிளப்பியதும் அடங்கிவிடும். இதை ஒரு முறை வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில் செய்து பழகிவிடுங்கள் என்பதே என் யோசனை. அடைமழையில் கைப்பேசி வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு மூடியைத் தேடும் வேலை யாருக்கும் வேண்டாம்.

எஞ்சினைக் கிளப்ப, ஹூண்டாயில் சாவியையே ஸ்டார்ட் பொத்தானில் வைத்து அழுத்த வேண்டும். பூட்டும் பொத்தான் இருக்கும் பக்கம் ஸ்டார்ட் பொத்தானில் படும்படி பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தபடி (கியர் மாற்றும் வண்டியென்றால் கிளட்சையும் சேர்த்து) அழுத்துங்கள். மேலே சொன்ன கம்பிச் சுருள் அந்தப் பொத்தானுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது சாவியின் சில்லுக்குத் தானே மின்சாரம் ஊட்டிக் கேட்டுக்கொள்ளும். டொயோட்டாவில் சாவியின் சின்னம் பொறித்த பக்கத்தைப் பொத்தானில் தொடவைத்தால் ஒரு ஒலி வரும், பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். வேறு சில கார்களில் இதற்கென்று முன்னிருக்கைகளுக்கு நடுவே இருக்கும் மேடையில் ஒரு பள்ளமோ, ஸ்டீயரிங் தண்டில் சாவிப் படம் போட்ட ஒரு இடமோ இருக்கும். கையேட்டில் ஸ்மார்ட் கீயின் பேட்டரி தீர்ந்தால் என்ற பகுதியை ஒரு முறை படித்து, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையேடு காருக்குள் இருக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

இப்போது செல் வாங்குவது. உங்கள் சாவிக்கு வேண்டியது சி.ஆர். 2032. திறந்ததும் பழைய செல்லின் முதுகில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. முதல் எழுத்து சி, உள்ளே இருப்பது லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் என்பதற்கு. ஆர், வட்டமானது என்பதற்கு. 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 32 என்பது தடிமன் 3.2 மில்லிமீட்டர். இதே கணக்கில் 2025 என்றால் 2.5 மில்லிமீட்டர் தடிமன், 2016 என்றால் 1.6. சிறிய ரிமோட் சாவிகளில் 1620, 1632 போன்றவையும் வரும். எல்லாம் 3 வோல்ட்தான். மாறுவது கொள்ளளவு: 2032-இல் 220 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கு இருக்கும், 2025-இல் 160 அளவுக்கு, 2016-இல் 90 அளவுக்கு.

எல்லாம் 3 வோல்ட் என்பதால் எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025 போட்டால் வேலை செய்வது போலத் தெரியும். சாவி ஒரு முறை கீழே விழுந்ததும் செல் நழுவித் தொடர்பு விட்டுப்போகும். 2025 இருந்த இடத்தில் 2032-ஐத் திணித்தால், செல்லைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் தொடுதகடு வளைந்துவிடும், கூடும் சரியாக மூடாது. எல்லாவற்றையும்விட மோசம், இரண்டு 2016-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. 1.6-உம் 1.6-உம் சேர்ந்து சரியாக 3.2 மில்லிமீட்டர், கச்சிதமாக உட்காரும். ஆனால் 3 வோல்ட்டுக்குச் செய்த மின்சுற்றில் 6 வோல்ட் பாயும். அந்தச் சாவியை அதன்பிறகு எந்த செல்லும் எழுப்பாமல் போகலாம். இதேபோல, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யலாம் என்று விற்கும் எல்.ஐ.ஆர். 2032-உம் வேண்டாம். அது முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட் காட்டும். கொள்ளளவோ சாதாரண செல்லில் கால் பங்குகூட இல்லை.

வாட்ச் கடை, மின்சாதனக் கடை, சென்னை என்றால் ரிச்சி தெரு, எங்கும் கிடைக்கும். அட்டையில் அடைத்து, தேதி போட்டு வருவதாக வாங்குங்கள். பானசோனிக், மேக்செல், எனர்ஜைசர், டியூராசெல் எதுவானாலும் சரி. இந்த வகை செல் சும்மா இருந்தால் வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் குறையும். ஆகவே தயாரித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தாலும் கவலையில்லை. பெயர் இல்லாமல், டப்பாவில் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கும் செல்லை மட்டும் தொடாதீர்கள். அவை ஒன்றையொன்று தொட்டே பாதி தீர்ந்திருக்கும்.

டியூராசெல் வாங்கினால் ஒரு விஷயம். குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்று அந்த நிறுவனம் செல்லின் மேல் ஒரு கசப்புப் பூச்சைத் தடவி விற்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் தொடுதகடு சரியாக அந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்தால் மின்சாரம் போகாது. ஆப்பிள் நிறுவனம், பொருள் தொலைந்தால் தேட உதவும் தன் ஏர்டேக் கருவியில் கசப்புப் பூச்சு செல் வேலை செய்யாமல் போகலாம் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. சாவியிலும் புது செல் போட்டும் உயிர் வராவிட்டால் இதையும் சந்தேகியுங்கள்.

திறக்கும் வேலைக்கு மேசையில் ஒரு வெள்ளைத் துணியையோ தாளையோ விரித்துக்கொள்ளுங்கள். விழுவது தெரிய வேண்டும். உலோகச் சாவியை உருவிவிட்டால், அது இருந்த இடத்தின் அருகிலோ கூட்டின் இணைப்புக் கோட்டிலோ ஒரு சிறு பள்ளம் தெரியும். நெம்புவதற்கென்றே விட்ட இடம் அது. தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியில் ஒரு சுற்று டேப் ஒட்டி, பள்ளத்தில் வைத்து நெம்பாமல் முறுக்குங்கள். நெம்பினால் பிளாஸ்டிக்கின் ஓரம் கடிபடும். முறுக்கினால் இரண்டு பாதியும் "டக்" என்று விலகும். பிறகு நகத்தை விட்டுச் சுற்றிலும் பிரித்துக்கொண்டே வரலாம். திறக்க மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். சில சாவிகளில் முத்திரைச் சின்னத்துக்கு அடியிலோ உலோகச் சாவி இருந்த குழிக்குள்ளோ ஒரு சின்னத் திருகு ஒளிந்திருக்கும். பழைய பி.எம்.டபிள்யூ. சாவிகள் சிலவற்றைத் திறக்கவே கூடாது: உள்ளே மாற்றும் செல் இல்லை, இக்னிஷனில் செருகியிருக்கும்போது தானே சார்ஜ் ஆகும் செல்லைப் பற்றவைத்து, கூட்டை ஒட்டி மூடியிருப்பார்கள்.

தொலைந்தால் பல ஆயிரம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. ஸ்மார்ட் கீகளில் இம்மொபிலைசர் சில்லு மின்சுற்றுப் பலகையோடு சேர்ந்தே இருக்கும், விழாது. துளையில் நுழைத்துத் திருகும் பழைய வகை ரிமோட் சாவிகளில் அது தனிப் பொருள்: நெல்மணி அளவில் ஒரு கண்ணாடிக் குழல், அல்லது அதே அளவில் ஒரு கறுப்புத் துண்டு. சாவித் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு குழியில், பசையில்லாமலோ சொட்டுப் பசையோடோ கிடக்கும். ஏதோ பிளாஸ்டிக் துண்டு உடைந்து விழுந்திருக்கிறது என்று துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டால், கதவு அழகாகத் திறக்கும், எஞ்சின் மட்டும் கிளம்பாது. புதுக் கூடு வாங்கிப் பழைய உறுப்புகளை மாற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் வீட்டில் இன்னொரு பழைய கார் இருந்து, "அதற்கும் மாற்றிக் கொடு" என்று அப்பா நீட்டுவார். அப்போது நினைவிருக்கட்டும்.

திறந்ததும் எதையும் தொடாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறி மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்பது சாவிக்குச் சாவி மாறும். எழுத்துப் பொறித்த அகன்ற பக்கம், அதோடு சேர்ந்த விளிம்பு முழுவதும் கூட்டல். சற்றே சிறிய, உள்ளடங்கிய வட்டம் கழித்தல். இதனால்தான் உலோக இடுக்கியால் செல்லை எடுக்க வேண்டாம் என்பது. ஒரு முனை மேலும் ஒரு முனை கீழுமாகப் பிடித்தாலே மின்சுற்று குறுக்காகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்). ஒரு பல்குத்தியோ கெட்டியான பிளாஸ்டிக் துண்டோ போதும். செல்லை இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்கள் ஒரு பக்கம் பிடித்திருக்கும்; எதிர்ப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். அந்த இடத்தில் குத்தி மேலே தூக்குங்கள். தொடுதகட்டுப் பக்கமாக நெம்பினால் தகடு நிமிர்ந்து, பற்றவைப்பும் விட்டுப்போகும்.

பழையதை எடுத்ததும் அந்தத் தகடுகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நம் ஊர் வியர்வையும் கடற்காற்றும் சாவியை விட்டுவைப்பதில்லை. பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து உலரவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், வாசனைத் திரவியமும் வேண்டாம். புது செல்லைப் பற்களுக்கு அடியில் முதலில் நுழைத்து, பிறகு மறுபக்கத்தை அழுத்தினால் உட்கார்ந்துவிடும். மூடுவதற்குமுன் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும். அது பிதுங்கி நின்றால் அடுத்த மழைக்காலத்தில் சாவிக்குள் தண்ணீர் இருக்கும்.

சில சாவிகளில் செல்லோடு உலோகக் காதுகளைச் சேர்த்துப் பலகையில் பற்றவைத்திருப்பார்கள். வெளியில் பொருத்தும் அலாரம் ரிமோட்டுகளில் இது சகஜம். அதற்குக் காது வைத்தே விற்கும் செல்லை வாங்க வேண்டும். சாதாரண செல்லின் மேல் நேராகச் சூட்டுக்கோலை (சால்டரிங் அயர்ன்) வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். லித்தியம் 180 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனாலே உருகிவிடும், சூட்டுக்கோலின் நுனியோ 300 டிகிரியைத் தாண்டி நிற்கும். செல் வெடிக்கக்கூடும்.

புதுசு போட்டும் வேலை செய்யவில்லை என்றால், சாவியைக் குறைசொல்வதற்குமுன் இரண்டாவது சாவியால் முயன்று பாருங்கள். இரண்டும் செய்யவில்லையென்றால் சிக்கல் காரின் 12 வோல்ட் பேட்டரியில் இருக்கலாம். உள்விளக்கு மங்கலாக எரிந்தால் அதுவேதான். ஒரே ஒரு சாவி மட்டும் செய்யவில்லையென்றால், செல் தலைகீழாக இருக்கிறதா, அதில் ஒட்டிவந்த மெல்லிய தாளை உரித்தீர்களா, தகடு செல்லைத் தொடுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பூட்டும் பொத்தான் மட்டும் வேலை செய்து திறக்கும் பொத்தான் செய்யவில்லையென்றால் பேட்டரிக்குச் சம்பந்தமில்லை. பொத்தானுக்கு அடியில் இருக்கும் நுண்சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது சாவி விழுந்ததில் அதன் பற்றவைப்பு விட்டிருக்கும். கைப்பேசி பழுது பார்க்கும் நல்ல கைவேலைக்காரர் அதைச் சரிசெய்துவிடுவார். குழந்தை சாவியை வைத்து மணிக்கணக்கில் அழுத்தி விளையாடியிருந்தால் எண்ணிக் கணக்கு முன்னே ஓடியிருக்கும். கீலாக் முறையில் 16 அழுத்தல்கள் வரை கார் தானாகவே ஏற்றுக்கொள்ளும். அதற்குமேல் போனால் காருக்கு அருகில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் கணக்கை நேராக்கிக்கொள்ளும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு குழப்பத்தில் விழுவார்கள். பழைய செல்லை அளந்தால் 2.9 வோல்ட் காட்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பப் போட்டுவிடுவார்கள். மீட்டர் மின்சாரமே எடுக்காமல் அளக்கிறது. சாவியின் ரேடியோ பேசும்போது சில கணங்களுக்குப் பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். வயதான செல்லின் உள்தடை கூடியிருப்பதால், கேட்ட அந்தக் கணத்தில் வோல்ட் சரிந்து, சில்லு பேச்சைப் பாதியில் விட்டுவிடும். செல்லைச் சாவியில் வைத்தபடியே தகடுகளில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். எண் மடமடவென்று கீழே போனால் செல்லின் காலம் முடிந்தது. சாவியின் சிவப்பு விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். விளக்குக்கு வேண்டியது கொஞ்சம்தான், ரேடியோ திணறும்போதும் அது எரியும். ஊர்சுற்றிப் பேச ஒரு வேடிக்கை வேண்டுமானால்: தளர்ந்த சாவியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்திப் பாருங்கள். தலையில் இருக்கும் நீர் அலையைக் கொஞ்சம் பரப்பிக் கொடுப்பதால் இன்னும் சில அடி தூரத்திலிருந்து கதவு திறக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் உங்களைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

எத்தனை நாள் வரும் என்றால், ஸ்மார்ட் கீக்கு ஒன்று முதல் இரண்டு வருடம் என்று டொயோட்டா தன் கையேட்டில் சொல்கிறது. பயன்பாட்டைப் பொறுத்து மற்றவற்றிலும் ஏறக்குறைய அதே கதை. காருக்குச் சில அடி தூரத்தில் இருக்கும் ஆணியில் சாவியை மாட்டிவைத்தால், கார் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி சார்ஜர் பக்கத்தில் வைத்தாலும் அவற்றின் இரைச்சலைக் காரின் குரல் என்று நினைத்து விழித்துக்கொள்ளும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும். டொயோட்டா சாவியை உறங்கவைக்க வழியே இருக்கிறது: பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறக்கும் பொத்தானை இரண்டு முறை தட்டினால், விளக்கு நான்கு முறை சிமிட்டிச் சாவி காதை மூடிக்கொள்ளும். பீரோவில் கிடக்கும் உபரிச் சாவிக்கு ஏற்றது. உபரிச் சாவிக்கும் இப்போதே சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒன்று போனால் மற்றது பின்னாலேயே வரும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இந்த 20 மில்லிமீட்டர் வட்டம் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு. சிக்கினால் ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடி, கழித்தல் பக்கத்தில் காரம் உருவாகித் திசுவை அரிக்கும். இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் ஆகிவிடலாம். காரைத் திறக்க முடியாமல் தீர்ந்துபோன செல்லிலும் இதற்குப் போதுமான வோல்ட் மிச்சம் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படி ஒரு குழந்தை இறந்த பிறகு, பட்டன் செல் வைக்கும் கருவிகளைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 2022-இல் ரீஸ் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டமே வந்தது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை; தேன் சுவரில் படிந்து அரிப்பைத் தாமதப்படுத்தும். தேனைத் தேடிக் கிளம்புவதைத் தாமதப்படுத்த வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

கழற்றிய செல்லை மேசையிலோ சட்டைப்பையிலோ விட்டுவைக்காமல், அப்போதே இரண்டு பக்கமும் மூடும்படி செலோடேப்பைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். மற்ற செல்லோடு உரசி மின்சுற்று குறுக்காவதும் நிற்கும், குழந்தையின் கையில் கிடைத்தாலும் அபாயம் கொஞ்சம் குறையும். வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது என்பது 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. மின்கழிவு வாங்கும் தொட்டி வைத்திருக்கும் கடை அருகில் இருந்தால் அங்கே போடலாம். இல்லையென்றால் ஒரு மூடிபோட்ட டப்பாவில் கைக்கெட்டாத உயரத்தில் சேர்த்துவைத்து, பழைய கைப்பேசி, சார்ஜர்களோடு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.